பாயாசத்தை எப்போது இறக்குவது?

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கலியாணச் சமையல் என்றால் முதல்நாள் இரவே தொடங்கிவிடும். லயத்துக்குப் பின்னால் கல் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். வெலிமடையிலிருந்து கோவாவும் கரட்டும் உருளைக்கிழங்கும் மூட்டையாக வந்திறங்கும். மொனராகலைப் பக்கமிருந்து வாழையிலைக் கட்டு வரும். (இப்போது பாதி வீடுகளில் லன்ச் ஷீட்தான். அதையும் இலை என்றே சொல்கிறோம்.) தள்ளி நின்று பார்த்தால் எல்லோரும் ஓயாமல் வேலை செய்வதுபோலத் தெரியும். கிட்டப் போனால் அப்படியில்லை. வெங்காயம் உரிக்கிறவர்களும் காய் வெட்டுகிறவர்களும் நடுச்சாமத்தோடு கை கழுவிவிடுவார்கள். சமையல்காரருக்கு அப்போதுதான் வேலை சூடு பிடிக்கும். அவர் சோற்றை வடித்து மூடியைப் போட்டுவிட்டால் அதன்பின் அதில் யாரும் கை வைக்கக்கூடாது. பிறகு பந்தி. பந்தியில் பரிமாறுகிறவர் வைத்ததுதான் சட்டம்.

பெரிய வீடியோ கேம் ஒன்று உருவாகும் ஒழுங்கும் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் டிஎல்சி எனப்படும் மேலதிகப் பகுதிகள் ஏன் அந்தந்த நாளில் வருகின்றன என்பதை அடுப்படியில் நின்று விளக்குவது எனக்கு வசதியாக இருக்கிறது. டிஎல்சி என்பது, கேமை வாங்கிய பிறகு இணையம் வழியாக இறக்கி அதோடு சேர்த்துக்கொள்ளும் சமாசாரம்: புதுக் கதை, புது ஊர், புது வீரன், சில வேளை வெறும் புது உடுப்பு. சிலது இலவசம், பலது காசுக்கு. ஒரு கேமுக்கு அது வெளியான அன்றே வருகிறது. இன்னொன்றுக்கு இரண்டு வருடம் கழித்து வருகிறது. பதுளையில் கேம் ஆடுகிற பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், "வெட்டி வச்சுட்டு விக்கிறாங்க அண்ணே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பேராசை விலையைத்தான் ஏற்றும், திகதியைக் குறிக்காது. அடுப்படியில் எவருடைய கை சும்மா இருக்கிறது, பந்தியில் எவர் இலையை மடிக்கப் போகிறார், இந்த இரண்டையும் பார்த்துத்தான் திகதி குறிக்கிறார்கள்.

அடுப்படியில் சும்மா இருக்கும் கை

கேம் ஒன்றில் கதை எழுதுகிறவர்கள், ஓவியர்கள், உருவம் செய்கிறவர்கள் எல்லோரும் காய் வெட்டுகிற கூட்டம். இனிப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று ஒரு நாள் முடிவாகும். அன்றிலிருந்து பிழை திருத்தம் மட்டுமே நடக்கும். அது நிரல் எழுதுகிறவர்களின் வேலை. ஓவியருக்கு அதில் பெரிய பங்கில்லை. திருத்தி முடித்ததை சொனி, மைக்ரோசொஃப்ட், நின்டெண்டோ போன்ற இயந்திரக்காரர்களின் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேறினால் டிஸ்க் அடிக்க வேண்டும், பெட்டியிலிட வேண்டும், உலகமெங்கும் கடைகளுக்கு ஏற்ற வேண்டும். மூடி போட்ட சோறு பந்திக்குப் போய்ச் சேரும்வரை மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காய் வெட்டினவர்களுக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால், அடுத்த கேமுக்குக் கூப்பிடும்போது வேறு கலியாணத்துக்குப் போயிருப்பார்கள். ஆகவே அடுத்த சட்டிக்கு வெட்டச் சொல்கிறார்கள். அந்தச் சட்டிதான் டிஎல்சி. அது டிஸ்க்கில் ஏற வேண்டியதில்லை. பெட்டிகள் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதும் அது நிதானமாக வேகலாம். கேமும் அதன் மேலதிகப் பகுதியும் ஒரே காலையில் கடைக்கு வருவதற்கு இதுவே காரணம்.

2012 மார்ச் 6இல் மாஸ் எஃபெக்ட் 3 வெளியானபோது நடந்த சண்டை இதைப் பற்றியதுதான். அன்றே ஃப்ரொம் ஆஷஸ் என்ற பகுதியை 10 டொலருக்குத் தனியாக விற்றார்கள். அதில் வரும் ஜாவிக் ஏதோ ஓரத்து ஆள் அல்ல. முந்திய இரண்டு கேம்களிலும் அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட புரோத்தியன் இனத்தின் உயிருள்ள சாட்சி அவன். கதையின் நடுத்தூணையே தனி விலைக்கு விற்கிறார்களே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கேமை இயக்கிய கேஸி ஹட்சன், உள்ளடக்கம் முடிந்ததிலிருந்து டிஸ்க் கடைக்குப் போக ஏறக்குறைய 3 மாதம் ஆகிறது, அந்த இடைவெளியில் செய்த வேலைதான் இது என்று விளக்கம் சொன்னார். பிறகு ரசிகர்கள் டிஸ்க்கைத் துருவிப் பார்த்தபோது ஜாவிக்கின் சில பாகங்கள் ஏற்கெனவே அதில் கிடந்தன. பின்னால் வந்து சேரும் ஆளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கத்தான் வேண்டும் என்றது கேமைச் செய்த பயோவேர் நிறுவனம்.

அடுப்படிக் கணக்குப்படி ஹட்சன் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பந்திக்கு வந்தவருக்கு அடுப்படிக் கணக்கு எதற்கு? சோற்றைப் போட்டுப் பருப்பை மறைத்துவிட்டு, "பருப்பு ராத்திரி ரெண்டு மணிக்குத் தனி அடுப்புல வெந்துச்சுங்க" என்று சொன்னால் எந்தச் சம்பந்தி கேட்டுக்கொண்டிருப்பார்? எப்போது வெந்தது என்பதை விட, அது இல்லாமல் இலை நிறைந்திருந்ததா என்பதையே நான் பார்ப்பேன்.

அதே மார்ச் மாதத்தில் கப்கொம் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் டிஸ்க்கிலேயே 12 வீரர்கள் முழுசாக இருந்தார்கள். பூட்டு மட்டும் போட்டிருந்தார்கள். சாவி பிறகு விற்பனைக்கு வரும். இதற்குச் சும்மா இருந்த கை என்ற சமாதானம்கூட ஒட்டாது. வெந்த கறியை இலையோரம் மூடி வைத்து, மூடியைத் திறக்கக் காசு கேட்பது அது.

இவற்றுக்கு முந்திய ஒரு கூத்தும் உண்டு. 2009 நவம்பரில் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் கேமில் உங்கள் கூடாரத்துக்கு ஒருவன் வந்து, தன் குடும்பத்தின் மானத்தை மீட்டுத் தரும்படி கெஞ்சுவான். சரி வருகிறேன் என்று சொன்னால் 7 டொலர் கேட்கும் கடை திறக்கும். பந்தியில் பக்கத்து இலைக்காரர்போல் வந்து உட்கார்ந்து வியாபாரம் பேசுகிற ஆளை இதுவரை நான் எந்தத் தோட்டத்துக் கலியாணத்திலும் கண்டதில்லை.

இலை மடிகிற நேரம்

இனிப் பந்தி. சாப்பிட்டவர் இலையை மடித்துவிட்டால் கதை முடிந்தது. கை கழுவப் போனவர், நெய் மணக்க மணக்கப் பாயாசம் வந்தாலும் திரும்பி உட்கார மாட்டார். கேமும் அப்படியே. வெளியான முதல் சில வாரங்களில் இருக்கும் ஆர்வம் பிறகு சரசரவென்று இறங்கும். பெரிய கேம்கள் பலவற்றைப் பாதிப் பேர்கூட முடிப்பதில்லை என்பதை, கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் சாதனைக் கணக்கே காட்டிக்கொடுக்கும். டிஸ்க் காலத்தில் இதற்கு மேல் இன்னொரு பயம் இருந்தது. முடித்தவர் டிஸ்க்கைப் பழைய சாமான் விலைக்குக் கடையில் போட்டுவிடுவார். அதை வாங்கும் அடுத்தவர் தரும் காசில் தயாரித்தவருக்கு ஒரு சதமும் போகாது. அதனால் இலை மடிகிற கையைப் பிடித்து நிறுத்துவது பெரும் கலையாக வளர்ந்தது. "இருங்க, இன்னும் வருது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஈஏ நிறுவனம் 2010இல் பழைய டிஸ்க் வாங்கியவரிடம் ஒன்லைன் ஆட்டத்துக்குத் தனிக் காசு வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆடுகிறவர்களின் ஏச்சைக் கேட்டுக் கேட்டு 2013இல் கைவிட்டது.

மிரட்டாமலும் உட்கார வைக்கலாம் என்று காட்டியது போலந்தின் சீடி புரொஜெக்ட் ரெட். விட்சர் 3 வெளியானது 2015 மே 19இல். மறுநாளிலிருந்து வாரந்தோறும் சின்னச் சின்ன இலவசப் பகுதிகளைத் தந்தார்கள், மொத்தம் 16. ஒரு தாடி, ஓர் உடுப்பு, ஒரு சிறு கதை. பந்தியில் ஊறுகாயும் பப்படமும் திரும்பத் திரும்பச் சுற்றிவருவதுபோல. செலவு கொஞ்சம், ஆனால் ஆள் எழுந்து போக மாட்டார். அந்த நேரத்தில் பின்னால் பெரிய சட்டி ஏறியிருந்தது. ஹார்ட்ஸ் ஒஃப் ஸ்டோன் என்ற பெரிய மேலதிகக் கதை ஒக்டோபர் 13இல் வந்தது. அடுத்ததான பிளட் அண்ட் வைன் 2016இன் முதல் காலாண்டில் வருமென்று கேம் வெளியாவதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். வந்தது மே 31இல். அந்தத் தாமதத்தை யாரும் பெரிதாகத் தூக்கிப் பிடித்ததாக நினைவில்லை. முதல் பரிமாறலில் இலை நிறைந்திருந்தது.

சின்னதாகவும் சீக்கிரமாகவும் செய்து அடி வாங்கியவர்களும் உண்டு. ஒப்ளிவியன் கேம் 2006 மார்ச்சில் வந்தது. இரண்டு வாரத்துக்குள் அதன் குதிரைக்குக் கவசம் 2.50 டொலர் என்று விற்றார்கள். அந்தக் கவசத்தை வைத்து உலகம் இன்னும் சிரிக்கிறது. இன்று ஒரு துப்பாக்கியின் நிறத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறவர்களும் சேர்ந்தே சிரிக்கிறார்கள்.

சோறு அடிபிடித்தால் பாயாசத்தைப் பற்றிப் பேச முடியாது. சைபர்பங்க் 2077க்கு அதுதான் நடந்தது. விட்சரைச் செய்த அதே சமையல்காரர்கள். 2020 டிசெம்பர் 10இல் வெளியான கேம் பழைய இயந்திரங்களில் அவ்வளவு மோசமாக ஓடியதால், ஒரு வாரத்துக்குள் சொனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. மேலதிகக் கதைக்கு ஒதுக்கியிருந்த கைகளெல்லாம் அடிச்சட்டி சுரண்டப் போயின. 2022 செப்டெம்பரில் அதே கேமின் உலகில் நடக்கும் எட்ஜ்ரன்னர்ஸ் என்ற அனிமேத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வர, எழுந்து போனவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். அதற்கு ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பர் 26இல், ஃபாண்டம் லிபர்ட்டி என்ற அந்த மேலதிகக் கதை. அதுவும் எப்படி? ஐந்து நாள் முன்பு அடிப்படைக் கேமையே பெருமளவில் மாற்றிய 2.0 திருத்தத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு. சோற்றைத் திரும்ப வடித்துப் போட்ட பிறகே பாயாச வாளியைத் தூக்கினார்கள்.

எல்டன் ரிங் நேர் எதிர். அது வந்தது 2022 பெப்ரவரி 25, அதன் மேலதிகப் பகுதியான ஷேடோ ஒஃப் த எர்ட்ரீ 2024 ஜூன் 21. ஏறக்குறைய 28 மாதம் ஊறுகாயும் இல்லை, பப்படமும் இல்லை. போதாததற்கு, அடிப்படைக் கேமில் ராடான், மோக் என்ற இரண்டு முரடர்களை வீழ்த்தியவர்களுக்குத்தான் உள்ளே வழி. பாதி இலையில் எழுந்தவருக்குப் பாயாசம் கிடையாது என்று சொல்லும் தைரியம் அந்த ஜப்பானியச் சமையல்காரர்களுக்கு இருந்தது. மூன்றே நாளில் 50 லட்சம் பிரதிகள் போயின. சமையல் அவ்வளவு ருசியாக இருந்தால் இலை மடிக்கிற கணக்கே பொய்த்துவிடும். எல்லா அடுப்படிக்கும் அது வாய்க்காது.

ராஜேந்திர சோழன் வந்த நாள்

நமக்குக் கிட்டின ஓர் உதாரணத்தை இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 வெளியானது 1999இல். அடுத்த வருடமே த கொன்கரர்ஸ் என்ற விரிவாக்கம். அப்போது அது பெட்டியில் டிஸ்க்காகத்தான் வந்தது. பிறகு பதின்மூன்று வருடம் அடுப்பு அணைந்தே கிடந்தது. அதை மூட்டியவர்கள் சாப்பிட வந்தவர்கள்தான். ரசிகர்கள் தாங்களாகக் கூடிச் செய்த ஒரு மாற்றுப் பதிப்பு 2013இல் த ஃபொர்கொட்டன் என்ற பெயரில் அதிகாரபூர்வமாக வெளியானது. அதில்தான் இந்தியர்கள் என்ற ஒரே இனமாக நம்மையும் சேர்த்துப் பொட்டலம் கட்டினார்கள். 2019 நவம்பரில் புதுப்பித்த பதிப்பு வந்தது. அதற்கு மேலதிகப் பகுதிகள் 2021 ஜனவரியில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று. மூன்றாவது, டைனஸ்டிஸ் ஒஃப் இந்தியா, 2022 ஏப்ரல் 28இல்.

பழைய இந்தியர்கள் அதில் இந்துஸ்தானிகள் ஆனார்கள். வங்காளிகள், திராவிடர்கள், கூர்ஜரர்கள் தனித்தனியாக வந்தார்கள். திராவிடப் படை தமிழ் பேசுகிறது. அதற்குச் சுருள்வாள் வீசும் வீரர்களும் திரிசடை என்ற போர்க்கப்பலும் உண்டு. பாபர், தேவபாலன் ஆகியோருடன் ராஜேந்திர சோழனுக்கும் ஒரு கதைத்தொடர். ஒரு காலத்தில் கடல் தாண்டிப் படை அனுப்பி இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துக்கொண்டு போனவன், இம்முறை ஸ்டீம் வழியாக இறங்கினான்.

இறங்கிய நாளைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 28, இலங்கை முழுவதும் தொழிற்சங்கங்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்த நாள். தோட்டத் தொழிலாளர்களும் அதில் நின்றார்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்திருந்தோம். பதுளையிலும் பண்டாரவளையிலும் காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஸ்டீம் இலங்கைக்கு டொலரில்தான் விலை போடுகிறது. ஏறக்குறைய 10 டொலர் விலையுள்ள அந்தப் பகுதி, மார்ச் தொடக்கத்தில் வந்திருந்தால் 2,000 ரூபாய்; ரூபாய் சரிந்ததால், வந்த அன்று 3,300ஐத் தாண்டியிருந்தது. தோட்டத்தில் நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய். கொழுந்து பறிக்கிற அம்மாவின் மூன்று நாளுக்கு மேற்பட்ட உழைப்பைக் கொடுத்துத்தான் ராஜேந்திரனின் தமிழைக் கேட்க முடியும். அதுவும் மின்சாரம் இருந்தால்.

இதில் யார் மீதும் குற்றமில்லை. அங்கே திகதி குறித்தவர்களின் கணக்கு வேறு. ஆறேழு மாதத்திலிருந்து எட்டொன்பது மாதத்துக்குள் ஒன்று என்று அவர்களுக்கு ஒரு நடை இருந்தது. பலர் சேர்ந்து மோதும் கேமில் புது இனம் ஒன்று வந்தால், அதன் பலம் பலவீனம் எல்லோருக்கும் பிடிபட மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்ததைக் கொட்டினால் இலை வழிந்து மண்ணில் போகும். ரொம்பத் தள்ளினால் ஆட்கள் வேறு பந்திக்குப் போய்விடுவார்கள். வாங்காதவரையும் பட்டினி போடவில்லை. சமநிலைத் திருத்தங்கள் எல்லோருக்கும் இலவசம். திராவிடர்களை வாங்காத ஒருவர், வாங்கிய ஒருவரோடு மோதலாம். பாயாசம் சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் ஒரே பந்தியில் இருப்பதற்கு இந்த ஏற்பாடு முக்கியம்; பிரித்து உட்கார வைத்த கேம்களில் ஆடுவதற்கு எதிராளியே கிடைக்காமல் போயிருக்கிறது.

கடைசிப் பந்தி

ஓர் இடத்தில் மட்டும் இந்த அடுப்படிக் கணக்கு தலைகீழாகிறது. தோட்டத்துக் கலியாணத்தில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் சமைத்தவர்களும் பரிமாறியவர்களும்தான். அவர்களுக்குக் கிடைப்பது அடிச்சட்டிக் குழம்பு; பாயாசம் தீர்ந்திருக்கும். கேமில் கடைசிப் பந்திக்குத்தான் முழு இலை. விட்சர் 3இன் எல்லாப் பகுதிகளும் சேர்ந்த பதிப்பு 2016 ஓகஸ்ட் 30இல் வந்தது, கடைசிக் கதை வெளியாகி ஏறக்குறைய மூன்று மாதத்தில். பிழை திருத்தமும் அதோடு சேர்ந்தே வரும். விலை ஒவ்வொரு தள்ளுபடிக் காலத்திலும் இன்னும் இறங்கும். முதல் நாளில் வாங்கினவர்தான் கூடக் காசு கொடுத்து, அரைவேக்காட்டையும் ருசி பார்த்துச் சொல்கிறார்.

நம் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் கையில் இருப்பது போன். அதில் ஃப்ரீ ஃபயரோ பப்ஜியோ ஓடுகிறது. அவற்றில் பந்தி முடிவதே இல்லை, சீசனுக்குச் சீசன் இலையை மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கணினி வைத்திருக்கிறவர்கள் குறைவு. அவர்களும் பழைய கணினியில், நடுச்சாமத்துக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில், மடுல்சீமை மேட்டில் சிக்னல் பிடிக்கிறபோது இறக்குகிறவர்கள். இரண்டு மூன்று வருடம் பிந்துவது அவர்களுக்குத் தெரிவு அல்ல, நிலைமை. ஆனால் பிந்தி வருவதால் இழப்பது நண்பர்களோடு சேர்ந்து பேசுகிற அந்த முதல் மாதத்துப் பரபரப்பை மட்டும்தான். அதையும் சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பதினேழு வயதில் அது பெரிய இழப்பு.

முன்கூட்டியே மொத்தமாகக் காசு வாங்கிக்கொண்டு, பகுதி பகுதியாகத் தருகிறோம் என்று சொல்லும் சீசன் பாஸ்களிடம் மட்டும் கவனமாக இருக்கச் சொல்வேன். என்ன வரும் என்று சொல்லாமல் மொய்யை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுபோல் அது நடந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரில் ஸ்டீம் இதற்குச் சட்டம் போட்டது. பாஸில் என்னென்ன உண்டு, ஏறக்குறைய எப்போது வரும் என்பதை விற்கும்போதே எழுத வேண்டும். ஒரு முறை மட்டும், மூன்று மாதம்வரை தள்ளலாம். சொன்னதைக் கைவிட்டால் அதற்குரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். தனி டிஎல்சி ஒன்றை வாங்கிப் பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், அதை வாங்கிய பின் கேமை 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணம் திரும்பக் கேட்கலாம். குடித்து முடித்த பாயாசத்துக்கு இல்லை.